தாது வருஷத்தை மறவாதீர்: விழுப்புரம், திண்டிவனம் தமிழாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழாசிரியப் பெருமக்களே,

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும், அவற்றைச் சூழ்ந்த கிராமங்களிலும் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் உங்களுக்கு, இந்தச் சீமையிலேயே பிறந்து வளர்ந்து தமிழ்க் கவிதையில் பற்றுக் கொண்டவன் என்ற உரிமையினால் இம்மடலை எழுதுகிறேன். 1876-ஆம் ஆண்டில் தொடங்கி 1878 வரையில் சென்னை இராஜதானியை வாட்டி வதைத்த தாது வருஷத்துப் பஞ்சத்துக்கு 2026-ஆம் ஆண்டோடு 150 ஆண்டுகள் நிறைகின்றன. மன்னர் முடிசூடிய நாளையும் போர் நடந்த ஆண்டையும் மனப்பாடம் செய்விக்கும் நம் கல்விமுறையில், நம் முன்னோரில் இலட்சக்கணக்கானோர் கஞ்சியின்றி மடிந்த அந்த ஆண்டுகளுக்குத் தக்க இடம் கிடைக்கவில்லை. அந்த இடத்தைக் கவிதையைக் கற்பிக்கும் நீங்களே அளிக்கக்கூடும் என்றும், அதற்குச் செய்ய வேண்டிய காரியம் உங்கள் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கிறது என்றும் நான் நம்புவதனாலேயே இவ்விண்ணப்பத்தை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் அந்தப் பஞ்சத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். தாது என்பது நம் அறுபதாண்டு வட்டத்தில் பத்தாவது ஆண்டு. 1876 சித்திரையில் பிறந்த அந்த வருஷத்தில் பருவ மழை பொய்த்தது. மழையை நம்பிய புஞ்சையும் ஏரிகளை நம்பிய நஞ்சையும் ஒருங்கே காய்ந்தன. அடுத்து வந்த ஈசுவர வருஷத்திலும் துன்பம் தீரவில்லை. பல்லாரி, கர்நூல், கடப்பை முதலிய ஜில்லாக்களும், தமிழ் வழங்கும் பகுதியில் சேலம், கோயம்புத்தூர், வடார்க்காடு, செங்கற்பட்டு ஆகியவையும் மிகக் கொடுமையாகத் தாக்குண்டன. இவற்றுள் மூன்று ஜில்லாக்கள் நம் பழைய தென்னார்க்காட்டுக்கு அண்டை வீடுகள். தெற்கிலிருந்து சென்னைப் பட்டணத்தை நோக்கிச் செல்லும் பெருவழியோ திண்டிவனத்தின் ஊடாகவே செல்வது. பட்டணத்துக்குப் போய்ச் சேர்ந்தால் ஒரு குவளைக் கஞ்சியாவது கிடைக்கும் என்று நடந்தவர்களின் வழி அது. பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளில் மட்டும் அந்த ஆண்டுகளில் மாண்டவர்கள் 50 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. 1871-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் இருந்ததைக் காட்டிலும் 1881-ஆம் ஆண்டுக் கணக்கில் சென்னை இராஜதானியின் ஜனத்தொகை குறைந்திருந்தது என்ற ஒன்றே, அந்தப் பத்தாண்டின் சரித்திரத்தை வேறு சாட்சியம் தேவையின்றி உரைத்துவிடும்.

மழை பொய்த்தது இயற்கையின் செயல். ஆனால் மழை பொய்த்ததெல்லாம் மரணமாக முடிந்தது மனிதர் செயல். 1877 ஜனவரி முதல் நாளன்று விக்டோரியா மகாராணியைச் சக்கரவர்த்தினி என்று பிரகடனம் செய்யத் தில்லியில் வைசிராய் லிட்டன் பிரபு பெரிய தர்பார் ஒன்றைக் கூட்டியபோது, இங்கே தென்னாட்டில் ஜனங்கள் மடிந்துகொண்டிருந்தார்கள். அதே மாதத்தில் பஞ்ச நிலையைப் பார்வையிட அனுப்பப்பட்ட ஸர் ரிச்சர்டு டெம்பிள், மூன்றாண்டுகளுக்கு முன் பீகார்ப் பஞ்சத்தின்போது பர்மாவிலிருந்து அரிசியைத் தாராளமாக வரவழைத்து உயிர்களைக் காத்தவர். அவ்வாறு காத்ததற்காகவே வீண்செலவுக்காரர் என்ற பழிக்கு ஆளானவர். அந்தப் பழி மீண்டும் தம்மேல் வரலாகாது என்ற கவனத்தோடு சென்னை இராஜதானிக்கு வந்த அவர், நாள் முழுவதும் மண் சுமக்கும் ஆளுக்கு ஒரு ராத்தல் தானியமும் அற்பக் காசும் போதும் என்று கூலியைக் குறைத்தார். இந்தக் கூலியில் உடல் உழைத்து நிலைக்காது என்று சென்னையின் சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ் எழுத்து மூலம் வாதாடினார். அந்த வாதத்துக்குப் பின்னரே கூலி உயர்த்தப்பட்டது. இதற்கிடையே தானியத்தின் விலையில் அரசாங்கம் தலையிடலாகாது என்பது வேதவாக்காக மதிக்கப்பட்டது. பஞ்ச காலத்திலும் இந்நாட்டுத் தானியம் கப்பலேறி வெளிநாடு சென்றது. பணம் படைத்த இடத்துக்குத் தானியம் தானாகப் போய்ச் சேரும் என்ற அந்தக் கொள்கை ஒருவகையில் பலித்தது. பசித்தவனிடம் பணம் இல்லையாகையால் தானியம் அவனைத் தேடி வரவில்லை.

இந்தச் சரித்திரம் நமக்கு எட்டாத ஊரில் நடந்ததன்று என்பதற்கு ஒரு பிரத்தியக்ஷச் சான்று திண்டிவனத்திலிருந்து ஒரு பஸ் பயண தூரத்தில் இருக்கிறது. மரக்காணத்தின் உப்பளங்களை அடுத்து, வடக்கே காக்கிநாடா வரை செல்லும் பக்கிங்ஹாம் கால்வாயின் தென்கோடியை நீங்கள் அறிவீர்கள். பல காலங்களில் பகுதி பகுதியாக உருவான அந்தக் கால்வாயில், சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி 1877-78-இல் பஞ்ச நிவாரண வேலையாக, பசித்த ஜனங்களின் கையால் வெட்டப்பட்டது. அப்போது கவர்னராக இருந்த பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரே கால்வாய் முழுமைக்கும் நிலைத்துவிட்டது. மண்வெட்டி பிடித்தவர்களில் ஒருவர் பெயரையும் எந்தக் கல்லிலும் காணோம். அவர்களை நினைவில் வைக்க வேண்டிய கடமை கல்லுக்கு இல்லாமற் போனால், அது சொல்லுக்கு உரியதாகிறது. சொல்லைக் காக்கும் உங்களுக்கு உரியதாகிறது.

இவ்விடத்தில் கடல் கடந்து ஒரு நாட்டை உங்களுக்குக் காட்ட விரும்புகிறேன். அயர்லாந்தில் 1845-ஆம் ஆண்டு உருளைக்கிழங்குப் பயிரை ஒரு பூசண நோய் அழித்தது. அந்தக் கிழங்கு ஒன்றையே உணவாகக் கொண்டிருந்த ஏழைக் குடியானவர்களில், அடுத்த சில ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய 10 இலட்சம் பேர் பசியாலும் பசியின் பின்னே வந்த காய்ச்சலாலும் மாண்டார்கள். மேலும் 10 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கப்பலேறி நாடு நீங்கினார்கள். அங்கும் தானியமும் கால்நடையும் துறைமுகங்களின் வழியே ஏற்றுமதியாகிக் கொண்டேயிருந்தன. அங்கும் பசித்தவர்களைக் கொண்டு, எங்கும் போய்ச் சேராத சாலைகள் போடப்பட்டன. அந்த நிவாரணத்தை இலண்டன் பொக்கிஷ அலுவலகத்திலிருந்து கண்டிப்போடு நடத்திய ஸர் சார்லஸ் டிரெவெல்யன், 1859-இல் நம் சென்னை இராஜதானிக்கே கவர்னராக வந்து சேர்ந்தார். தாது வருஷத்துக்கு முன்பே அவர் இங்கிருந்து போய்விட்டார் என்றாலும், அவர் கைக்கொண்ட பொருளாதாரக் கொள்கை நமக்கும் ஐரிஷ் மக்களுக்கும் பொதுவான விதியாயிற்று.

இரு நாடுகளுக்கும் உள்ள உறவு இதனோடு முடியவில்லை. 1780-இல் ஹைதர் அலியின் படைகள் கர்நாடகச் சீமையில் புகுந்தபின், செஞ்சியும் பெருமுக்கலும் வந்தவாசியும் அடங்கிய நம் நிலப்பரப்பு போருக்கும் பஞ்சத்துக்கும் ஒருசேர இரையாயிற்று. அந்தப் பஞ்சத்தில் சென்னையில் கஞ்சி வார்க்கத் தோன்றிய மணியகாரர் சத்திரத்தின் தொடர்ச்சியாகவே, இன்றைய ஸ்டான்லி ஆஸ்பத்திரியை முதியவர்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்கிறார்கள். 1785-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் பார்லிமெண்டில் ஆர்க்காட்டு நவாபின் கடனைப் பற்றிய விவாதத்தில் எழுந்து, கர்நாடகத்துக் குடிகள் பட்ட பசியைக் கேட்டவர் உள்ளம் நடுங்க எடுத்துரைத்தவர் எட்மண்ட் பர்க். அவர் டப்ளின் நகரில் பிறந்த ஐரிஷ்காரர். அந்த ஐரிஷ் நாட்டிலேயே பஞ்சம் வந்தபோது, கல்கத்தாவிலிருந்து நிதி திரட்டி அனுப்பினார்கள். பசித்தவனைப் பசித்தவன் அறிவான் என்பதற்கு இவற்றினும் வேறு சான்று வேண்டுமோ?

ஆயினும் அயர்லாந்தை நான் எடுத்துக்காட்டுவது அதன் துயரத்துக்காக மட்டும் அன்று. அத்துயரத்தை அது காத்து வைத்த முறைக்காக. பஞ்சம் மிகக் கொடுமையாக இருந்த மேற்கும் தெற்கும் ஐரிஷ் மொழி பேசிய ஏழைகளின் பகுதிகள். ஆகையால் மாண்டவர்களோடு அவர்கள் மொழியும் மாளத் தொடங்கியது. மிஞ்சியவர்களும் தங்கள் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தையே பயிற்றினார்கள். அப்படி அடிவேர் அறுபட்ட மொழியிலும் பாட்டுப் பிழைத்தது. வாட்டர்போர்டு சீமையின் ரிங் என்னும் ஊரைச் சேர்ந்த மோய்ரா நீ க்ரோமா என்ற பெண் பாடிய ‘கறுத்த உருளைக்கிழங்குகள்’ என்னும் பாடல், பிரேதங்களையும் ஏழைகள் விடுதிகளையும் சொல்லிப் புலம்புவதோடு நில்லாமல், இந்த அழிவைக் கடவுளின் தலையில் சுமத்தவும் மறுக்கிறது. படித்தவர்களும் பிரபுக்களும் ‘தெய்வ சங்கற்பம்’ என்று பேசிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு கிராமத்துப் பெண்ணின் வாயிலிருந்து அந்த மறுப்பு வந்தது. அரசாங்க அறிக்கைகள் அச்சிடப்பட்டு அலமாரியில் உறங்க, அவள் பாட்டு வாய்வழியாகத் தலைமுறைகளைக் கடந்தது.

பின்பு நேர்ந்ததுதான் உங்களுக்கு மிக முக்கியமானது. அந்நாடு சுதந்திரம் பெற்றபின் 1935-இல் நாட்டார் வழக்காற்றுக்கென்று ஓர் ஆணையம் அமைந்தது. 1937 முதல் 1939 வரையில் ஏறக்குறைய 5,000 ஆரம்பப் பள்ளிகளின் பிள்ளைகள், ஆசிரியர்கள் சொன்னபடி நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தங்கள் தாத்தா பாட்டிமாரிடமும் அக்கம்பக்கத்து முதியோரிடமும் சென்று, கேட்டதைக் கேட்டவாறே எழுதி வந்தார்கள். இலட்சக்கணக்கான பக்கங்களாகப் பெருகிய அந்தத் தொகுதியில் பஞ்ச காலத்துக் கதைகளும் இடம்பெற்றன. 1945-இல், பஞ்சத்தின் நூற்றாண்டில், அதைப் பற்றி மட்டும் கேள்விகள் தயாரித்து மறுபடியும் ஊர் ஊராக விசாரித்தார்கள். இதைச் செய்ததில் பெரும்பங்கு பல்கலைக்கழகப் பண்டிதர்களுடையதன்று. கிராமத்துப் பள்ளி ஆசிரியர்களும் பதினோரு பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளும் செய்த காரியம் அது. நாடு முழுவதும் ஆண்டுதோறும் பஞ்ச நினைவு நாள் அனுசரிக்கும் வழக்கம் 2008-இல்தான் வந்தது. அந்த நாளில் நினைப்பதற்குரிய பொருளைச் சேர்த்து வைத்தவர்கள் அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே தங்கள் வேலையை முடித்திருந்தார்கள்.

நம்மிடம் என்ன இருக்கிறது என்று இனிப் பார்ப்போம். பசியைப் பாடுவதில் தமிழுக்கு நிகரான மொழி அரிது என்று நான் சொன்னால், அதை மொழிப்பற்றின் மிகையென்று தள்ளிவிடாதீர்கள். திண்டிவனத்துக்குள் அடங்கிய கிடங்கல், சங்ககாலத்தில் ஓய்மானாட்டு நல்லியக்கோடனின் கிடங்கில் என்னும் கோட்டை நகரம். அவனுடைய எயிற்பட்டினம் என்பது மரக்காணம் பக்கத்துக் கடற்கரைப் பட்டினம். அந்த நல்லியக்கோடனைப் பாடிய சிறுபாணாற்றுப்படையில், நத்தத்தனார் ஒரு பாணன் வீட்டு அடுக்களையைக் காட்டுகிறார். இடிந்த சுவரும் சிதைந்த கூரையுமுள்ள அந்த அடுக்களையில் ஈன்ற நாய் குட்டிகளோடு கிடக்கிறது. பால் இன்மையால் அது குட்டிகளையும் அண்டவிடாமல் குரைக்கிறது. பசியால் மெலிந்த வீட்டுக்காரி குப்பையில் முளைத்த வேளைக் கீரையைக் கிள்ளி, உப்பும் இன்றி அவித்து, அயலார் கண்டு இழிவாகப் பேசுவரே என்று வெட்கி வாயிற்கதவை அடைத்துக்கொண்டு, சுற்றத்தோடு கூடி உண்ணுகிறாள். வறுமையின் கொடுமையையும் வறியவரின் மானத்தையும் ஒரே காட்சியில் அடக்கிய இந்த இடத்துக்கு ஒப்பாக உலக இலக்கியத்தில் எத்தனை இடங்கள் உண்டு? 1889-இல் உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பித்துத் தமிழுலகுக்குத் தந்தபோது, தாது வருஷத்தைக் கண்ணாற் கண்டவர்கள் பலர் உயிரோடிருந்தார்கள்; அந்த அடுக்களையைப் படித்தவுடன் அவர்களுக்குத் தங்கள் ஊர் நினைவு வந்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. திண்டிவனத்துப் பிள்ளைக்குத் திண்டிவனத்து மன்னனைப் பாடிய நூலில் இக்காட்சி இருப்பதைச் சொல்லாமல் விடுவது தகுமா?

மணிமேகலையில் பாண்டி நாட்டில் பன்னிரண்டாண்டு மழையின்றிப் பஞ்சம் வந்தபோது ஆபுத்திரன் கையில் அமுதசுரபி வந்த கதையை நீங்கள் சொல்லித் தருகிறீர்கள். நம் நடுநாட்டுத் திருநாவலூரில் பிறந்த சுந்தரர், மழை பொய்த்து விளைவு குன்றிய காலத்தில் குண்டையூரில் பெற்ற நெல்லை ஆரூர் சேர்க்க ஆள் வேண்டிப் பதிகம் பாடியதையும் அறிவீர்கள். இவையெல்லாம் தெய்வத்தின் அருளால் பசி தீர்ந்த கதைகள். பசியைத் தீர்ப்பது மனிதனின் ஒழுக்கம் என்று துணிந்து சொன்ன ஜீவகாருண்யப் பெருங்குரலும் நம் பழைய ஜில்லாவிலிருந்தே எழுந்தது. மருதூரில் பிறந்த இராமலிங்க சுவாமிகள், 1867-இல் வடலூரில், பார்வதிபுரத்து ஊரார் கொடுத்த 80 காணி நிலத்தில் சத்திய தருமச்சாலையை நிறுவி ஏற்றிய அடுப்பு இன்றளவும் அணையவில்லை. பசி வந்தவனுடைய உடலிலும் உள்ளத்திலும் நேரும் மாறுதல்களை ஒரு வைத்தியரின் நுட்பத்தோடு அவர் ‘ஜீவகாருண்ய ஒழுக்க’த்தில் விவரித்திருக்கிறார். 1874-இல் அவர் மேட்டுக்குப்பத்தில் மறைந்தார். இரண்டாண்டு கழிந்ததும் தாது வருஷம் வந்தது. அவர் எச்சரித்த பசி, அவர் வாழ்ந்த நிலத்தைச் சுற்றியே தாண்டவமாடிற்று.

இனித் தாது வருஷத்தையே நேராகப் பாடியவர்கள். கொங்கு நாட்டிலும் சேலம் வட்டாரத்திலும் அந்தப் பஞ்சத்தைப் பற்றிக் கும்மிகள் எழுந்தன. அவற்றைப் பிற்காலத்தில் புலவர் செ. இராசு ‘பஞ்சக் கும்மிகள்’ என்று தொகுத்துத் தந்தார். தானியம் ஏறிய விலை, அடகுக்குப் போன பாத்திரமும் தாலியும், கீரையும் கிழங்கும் தீர்ந்தபின் மனிதர் தின்ன நேர்ந்த பொருள்கள், பிரிந்த குடும்பங்கள் என்று, கலெக்டர் கச்சேரிக் கணக்கில் ஏறாதவை எல்லாம் அவற்றில் ஏறியிருக்கின்றன. பெண்கள் கைகொட்டி வட்டமாய் நின்று களித்து ஆடும் கும்மியின் சந்தத்திலே இந்தத் துயரத்தை வைத்துப் பாடியவர்களின் நோக்கம் தெளிவானது: அடுத்த தலைமுறை மறவாதிருக்க வேண்டுமானால், அது மறக்க இயலாத மெட்டில் சேர வேண்டும். சிவகங்கைச் சீமையைச் சேர்ந்த வில்லியப்ப பிள்ளையோ, பசியால் வாடிய குடிகள் மதுரைச் சொக்கநாதரிடம் முறையிட, அவர் சிவகங்கை ஜமீன்தாருக்குத் திருமுகம் ஒன்று கொடுத்தனுப்புவதாக அமைத்து, ‘பஞ்சலட்சணத் திருமுக விலாசம்’ என்ற பெரிய பிரபந்தத்தையே இயற்றினார். மாயூரத்தில் வேதநாயகம் பிள்ளை தம் பொருளைச் செலவிட்டு ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்தார். அதைக் கண்ட கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து கீர்த்தனம் பாடினார். நந்தனாரைப் பாடிய வாய், பஞ்சத்தில் பசித்தவர்க்கு உணவிட்ட கிறிஸ்தவர் ஒருவரைப் பாடியது நம் நாட்டுக் கவிதையின் பெருந்தன்மைக்கு ஓர் அழியாத அத்தாட்சி.

நம் வட்டாரத்துக்கும் இப்படி ஒரு தொகுதி வேண்டும். இங்கே அதற்கு இடமுண்டு என்பதற்குத் தெருக்கூத்தே சாட்சி. விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களில் விடிய விடிய நடக்கும் கூத்துகளில் நல்லதங்காள் கதை எத்தகைய இடம் பெற்றது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பன்னிரண்டாண்டுப் பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டை நாடி வந்தவளுக்கு, பத்தாயத்தில் தானியம் இருந்தும் அண்ணி மூளி அலங்காரி கதவைத் திறக்க மறுக்கிறாள். உணவே இல்லாத பாணன் மனைவி கீரையைச் சுற்றத்தோடு பகிர்ந்துகொள்ள, உணவு நிறைந்த வீட்டுக்காரி கூடப்பிறந்த உறவையே வாசலில் நிறுத்துகிறாள். பஞ்சத்தில் மனிதர் சாவது உணவு இல்லாமையால் மட்டுமன்று, உணவு பிறர் கைவசம் அடைபட்டிருப்பதாலும்தான் என்பதை 1981-இல் அமர்த்தியா சென் பொருளாதார நூலாக எழுதி நிறுவினார். எழுதப்படிக்கத் தெரியாத நம் பாட்டிமார் கூத்து மேடையின் முன் அமர்ந்து, கண்ணீரோடு அதே உண்மையை அறிந்திருந்தார்கள்.

ஆனால் ஒன்றை நாம் மறைக்கலாகாது. பஞ்சத்தில் முதலில் மடிந்தவர்கள் நிலமற்ற கூலிகள். அவர்களில் பெரும்பாலோர் சேரியில் வாழ்ந்தவர்கள். விதைக்கும் காலத்திலும் அறுக்கும் காலத்திலும் மட்டும் கூலி பெற்றவனுக்கு, விதைப்பே இல்லாத ஆண்டில் வேறு கதியில்லை. கும்மியை ஏட்டில் எழுதி வைக்கும் வசதி பெற்றவர்கள் ஓரளவேனும் நிலமும் கல்வியும் உடையவர்கள். சேரியின் துயரம் ஒப்பாரியிலும் தாலாட்டிலும் கரைந்து போயிற்று. தென்னார்க்காட்டிலிருந்தும் வடார்க்காட்டிலிருந்தும் சென்னைத் துறைமுகத்தின் வழியே நேட்டாலுக்கும் மொரீசுக்கும், புதுவைத் துறைமுகத்தின் வழியே ரெயூனியனுக்கும் பிற பிரெஞ்சுக் குடியேற்றங்களுக்கும், கால்நடையாகவும் படகிலுமாக இலங்கைத் தோட்டங்களுக்கும் சென்றவர்களில் இவர்களே மிகுதி. பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்தில் கலங்கிய பெண்களுக்காகப் பாரதியார் அழுதார். அவர்களை அங்கே துரத்திய பசியை இங்கே தேடி எழுத வேண்டியவர்கள் நாம். ஆகையால் நீங்கள் தொகுக்கப் புகும்போது ஊர்த்தெருவோடு நின்றுவிடாமல், காலனி வீடுகளின் வாசலிலும் அதே மரியாதையோடு உட்கார்ந்து கேட்கும்படி மாணவர்களுக்குப் பயிற்றுங்கள் என்று வேண்டுகிறேன்.

“இளம்பிள்ளைகளின் உள்ளத்தில் இத்தகைய துயரத்தை ஏற்றலாமா? பழையதைக் கிளறி என்ன பயன்?” என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். அந்தக் கேள்வியில் பிள்ளைகள்பால் உள்ள கருணையை நான் மதிக்கிறேன். ஆயினும் துயரத்தைச் சொல்லாமல் மறைப்பதனால் பிள்ளைகள் காக்கப்படுவதில்லை. அத்துயரத்தின் காரணத்தை அறியாதவர்களாய் வளர்கிறார்கள். பள்ளியில் மதிய உணவு வரிசையில் தட்டோடு நிற்கும் பிள்ளை, அந்தச் சோறு யாருடைய தயவாலும் வந்ததன்று, பல தலைமுறைகள் பட்ட பசிக்கு நாடு காலந்தாழ்ந்து அளித்த விடை என்று அறிந்தால், அதன் தலை நிமிரும். நியாய விலைக் கடையின் அரிசியை இலவசம் என்று இகழ்கிறவர், 1877-இல் கொட்டடியில் கிடந்த தானியத்துக்கும் தெருவில் கிடந்த பிணத்துக்கும் இடையே இருந்த தூரம் எவ்வளவு என்று சிந்தித்தால், அந்தச் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்வார். 1880-இல் பஞ்சக் கமிஷன் அறிக்கை தந்ததும், அதன் பின் பஞ்ச நிவாரண விதிகள் தோன்றியதும் ஆட்சியாளரின் மனமாற்றத்தால் மட்டும் அல்ல. அத்தனை உயிர்களின் விலை கொடுத்தே அந்தப் பாடம் பெறப்பட்டது. விலை கொடுத்தவர்களை மறந்துவிட்டுப் பாடத்தை மட்டும் வைத்துக்கொள்ள இயலாது. அவர்களை மறந்தால் பாடமும் போய்விடும்.

கவிதைக்கு இதில் தனி இடம் உண்டு. இத்தனை இலட்சம் என்ற எண் நம் அறிவைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடும். அடகுக்குப் போன தாலியும் உப்பில்லாத கீரையும் நெஞ்சில் தங்கிவிடும். அந்தக் காலத்துப் பஞ்சத்தைப் புகைப்படம் எடுத்தவர்களும் உண்டு. ஹூப்பர் என்ற படை அதிகாரி எடுத்த படங்களில் எலும்பும் தோலுமாக வரிசையில் அமர்ந்திருப்பவர்களுக்குப் பெயர் இல்லை, குரல் இல்லை. பார்ப்பவர் அவர்களுக்காக இரங்கலாம். அவர்களைக் கேட்க முடியாது. கும்மியிலும் ஒப்பாரியிலும் கூத்திலும் அவர்கள் தாமே பேசுகிறார்கள். விலை சொல்கிறார்கள், பழி சொல்கிறார்கள், பிள்ளையின் பெயரைச் சொல்லி அழைக்கிறார்கள். பஞ்சத்தால் இறந்தவர்களுக்கு நாம் திரும்ப அளிக்கக்கூடியது ஏதேனும் உண்டானால் அந்தக் குரல் ஒன்றே.

ஆகையால் என் விண்ணப்பத்தை நேராகவே சொல்லி முடிக்கிறேன். ஒவ்வொரு பள்ளியிலும் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களில் விருப்பமுள்ளவர்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து, தங்கள் ஊரின் மிக மூத்தவர்களிடம் சென்று, பஞ்சத்தைப் பற்றிய பாட்டு, கதை, பழமொழி, ஒப்பாரி, ஊர்ப்பெயர்க் காரணம், பஞ்சத்தில் உண்ட கீரை கிழங்குகளின் பெயர், பஞ்சத்தால் ஊரை விட்டுப் போன குடும்பங்களின் நினைவு ஆகியவற்றைக் கேட்டு, அவர்கள் பேசுகிறபடியே, இலக்கணத் திருத்தம் செய்யாமல் எழுதி வரச் சொல்லுங்கள். ‘மல்லாட்டை’ என்று பாட்டி சொன்னால் ‘நிலக்கடலை’ என்று மாற்ற வேண்டாம். நம் சீமையின் வாக்கும் நாம் காக்க வேண்டிய செல்வமே. தாது வருஷத்தைக் கண்டவர் எவரும் இன்று இல்லை. கண்டவர் வாயால் கேட்டவரின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். கைபேசியில் குரலைப் பதிவு செய்வது இக்காலத்தில் எளிது. சொல்பவரின் சம்மதத்தைக் கேட்டே பதிவு செய்யப் பழக்குங்கள். சொன்னவர் பெயர் வேண்டாமென்றால் அதை விட்டுவிடுங்கள். தெருக்கூத்து வாத்தியார்களைப் பள்ளிக்கு அழைத்து, நல்லதங்காளின் ஒரு கட்டத்தைப் பிள்ளைகள் முன் பாடச் செய்யுங்கள். சிறுபாணாற்றுப்படையின் அடுக்களைக் காட்சியைக் கிடங்கல் என்ற பெயரோடு சேர்த்துக் கற்பியுங்கள். இயன்றால் ஒரு நாள் மாணவர்களை மரக்காணத்துக்கு அழைத்துச் சென்று, கால்வாய்க் கரையில் நின்று அதன் சரித்திரத்தைச் சொல்லுங்கள்.

இவ்வாறு சேர்ந்தவற்றை ஒவ்வோர் ஐப்பசியிலும், நாம் மழையை எதிர்நோக்கியிருக்கும் அந்த மாதத்தில், ஒரு நாள் பள்ளியில் படித்துக் காட்டலாம். சில ஆண்டுகளில் அவை ஒரு நூலாகும் அளவுக்குப் பெருகும். அந்நூலை அச்சிடும் பொறுப்பை ஊர்ப் பெரியவர்களும் நூலகங்களும் ஏற்க முன்வருவார்கள் என்று உறுதியாக நம்புகிறேன். அயர்லாந்தின் கிராமத்து வாத்தியார்களுக்கு இருந்ததைக் காட்டிலும் உங்களுக்கு வசதி மிகுதி; உங்கள் மொழிக்கு அவர்கள் மொழியைக் காட்டிலும் உயிர் மிகுதி. அவர்கள் செய்ததை நீங்களும் செய்ய முடியும். மூத்தோர் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருப்பதால், இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்குங்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
உங்கள் அன்பிற்குரிய,
திண்டிவனத்துத் தமிழன்பன் ஒருவன்